துங்கா ஒரு நதி

"ஒட்டித் தா," என்றாள் துங்கா.

நாலரை வயது துங்கா சாப்பாட்டு மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தாள். அவள் கையில் பாதி சோள ரொட்டி. மறு பாதி அவள் அம்மா சுமித்ராவின் கையில். அப்பளம் போலக் காய்ந்த கடக் ரொட்டி அது. குழந்தை கடிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று சுமித்ராதான் இரண்டாக உடைத்துக் கொடுத்தாள். உடைத்த பிறகுதான் தெரிந்தது, அதை முழு வட்டமாகப் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தின்ன வேண்டும் என்று துங்கா காலையிலிருந்தே தீர்மானித்து வைத்திருந்தாள் என்று.

"உடைஞ்சதை எப்படிம்மா ஒட்டறது? இந்தா, புதுசு. முழுசா இருக்கு பாரு."

"அது வேண்டாம். இதுதான் வேணும். முழுசா வேணும்."

இன்னும் அரை மணி நேரத்தில் டிவிக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

வருவதற்குக் காரணமும் இருந்தது. தார்வாட் மின்சார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கும் சுமித்ரா கட்டிமனி ஒரு புத்தகம் எழுதியிருந்தாள். சின்னக் குழந்தைகளின் கோபம், பயம், அழுகை, அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும் தாயின் பாடு, இதுதான் விஷயம். 'அழட்டும், பக்கத்தில் இரு' என்று பெயர். வந்த வேகத்தில் மறுபதிப்பு போட வேண்டியிருந்தது. காய்கறிச் சந்தையில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புத்தகம் படிச்சதுல இருந்து நான் என் பையனை அடிக்கறதில்லை," என்று சொல்லிக் கண் கலங்கினாள். அன்று சுமித்ரா வாங்கப் போன கத்தரிக்காயை மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தாள்.

அவளைவிட அவள் கணவன் ஈரண்ணாவுக்குப் பெருமை அதிகம். ஸ்கூட்டர் பெட்டியில் எப்போதும் புத்தகம் வைத்திருப்பான். பல் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தபோதுகூட, பேச முடியாவிட்டால் என்ன என்று ஒரு பிரதியை எடுத்து டாக்டர் கையில் திணித்துவிட்டு வந்தவன்.

சுமித்ரா பட்டுச் சேலையோடு மேஜைக்கு அடியில் தவழ்ந்தாள்.

"துங்கா, உனக்கு இப்ப ரொம்பக் கோபமா இருக்கு. இல்லையா?"

"கோபம் இல்ல. ரொட்டிதான் இல்ல."

"நீ விடு, நான் பார்த்துக்கறேன்," என்று ஈரண்ணா வெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். இரண்டு பாதிகளையும் வாங்கி, உடைந்த விளிம்பில் வெண்ணெய் தடவி, கொத்தனார் செங்கல் வைக்கிற கவனத்தோடு சேர்த்து வைத்தான். நன்றாகவே சேர்ந்தது. துங்கா எழுந்து உட்கார்ந்தாள். கை நீட்டி வாங்கினாள். ரொட்டி மூன்றாக உடைந்தது.

இப்போது அழுகை வேறு சுருதிக்குப் போய்விட்டது.

"இது இருந்தாத்தானே பிரச்னை," என்று சொல்லிவிட்டு ஈரண்ணா மூன்று துண்டுகளையும் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினான்.

துங்கா அப்பாவின் வயிற்றை உற்றுப் பார்த்தாள்.

"வெளியே எடு," என்றாள். பிறகு தரையில் புரண்டாள்.

"ஏங்க சாப்பிட்டீங்க?"

"நீதானே எழுதியிருக்க, சண்டைக்குக் காரணமான பொருளைக் குழந்தையோட கண்ணுல இருந்து அகத்திடணும்னு."

"அகத்தச் சொன்னேன். விழுங்கச் சொன்னேனா?"

சத்தம் கேட்டுப் பின்கட்டு வழியாகப் பக்கத்து வீட்டு ரோகிணி தேஸாய் வந்தாள். டிவிக்காரர்களுக்கு என்று ஒரு பெரிய தட்டில் கிர்மிட் கலந்து கொண்டுவந்திருந்தாள். பொரியில் வெங்காயமும் மல்லித்தழையும் மணத்தன. கூடவே அவள் மகன் சமர்த், ஐந்து வயது. பெயருக்கு ஏற்ற பிள்ளை. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, படிய வாரிய தலை. வந்ததும் சோபாவில் ஏறி, இரண்டு முழங்காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் கையில் ஈரண்ணா ஒரு பேடாவை வைத்தான்.

"அக்கா, இவளை நான் தூக்கிட்டுப் போறேன்," என்றாள் ரோகிணி. "எங்க வீட்டு ஊஞ்சல்ல கொஞ்சம் ஆட்டினா சரியாயிடுவா. முகம் கழுவி, பொட்டு வச்சு, ஷூட்டிங்குக்கு அனுப்பறேன்."

அழுகையின் உச்சத்தில் குழந்தையைத் தன்னிடமிருந்து அனுப்பக் கூடாது என்று சுமித்ரா தன் புத்தகத்தில் எழுதியிருந்தாள். ஒரு அத்தியாயமே அதைப் பற்றித்தான். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். வாசல் பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சரி, கூட்டிட்டுப் போ," என்றாள்.

துள்ளுகிற துங்காவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரோகிணி பின்பக்கம் போகவும், முன்பக்கம் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பேடா தின்கிற மும்முரத்தில் இருந்த சமர்த்தை யாரும் கவனிக்கவில்லை.

உள்ளூர் சேனலிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நமிதா என்ற சின்னப் பெண் பேட்டி எடுப்பவள். மெஹபூப் என்ற நரைத்த தாடிக்காரர் கேமராமேன். நமிதா செருப்பைக் கழற்றிக்கொண்டே சோபாவைப் பார்த்தாள். சமர்த் பேடாத் துகளைச் சட்டையில் சிந்தாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தான்.

"குழந்தை இவன்தானா மேடம்? எவ்வளவு அமைதி. உள்ளே வந்ததுமே தெரியுது, இது அந்தப் புத்தகம் எழுதினவங்க வீடுன்னு."

சுமித்ரா வாயைத் திறந்தாள். அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "வெளியே எடு" என்று ஒரு அலறல் வந்தது.

"பக்கத்து வீட்டுக் குழந்தையா?" என்றாள் நமிதா. "பாவம். அவங்களுக்கு உங்க புத்தகம் ஒண்ணு குடுக்கக் கூடாதா?"

"குடுத்திருக்கோம்," என்றான் ஈரண்ணா சமையலறையிலிருந்து, பழக்க தோஷத்தில்.

"ம்," என்றாள் சுமித்ரா. எந்தக் கேள்விக்கு அந்த 'ம்' என்று அவளுக்கே தெரியாது. நமிதா அதை 'குழந்தை இவன்தானா' என்ற முதல் கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டாள். தேநீர்த் தட்டோடு வந்த ஈரண்ணா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான்.

விளக்கு போட்டார்கள். கேமரா நின்றது. நமிதா புத்தகத்தைப் பிரித்தாள்.

"முதல் பக்கத்துல 'என் துங்காவுக்கு'ன்னு போட்டிருக்கீங்க. துங்கா யாரு மேடம்?"

சுமித்ரா ஈரண்ணாவைப் பார்த்தாள். அவன் தேநீரைப் பார்த்தான்.

"நதி," என்றாள் சுமித்ரா.

"நதியா?"

"துங்கபத்ரா. நான் ஹரிஹர்ல பொறந்தவ. அதோட கரையிலதான் வளர்ந்தேன்."

"அடடா, ஒரு நதிக்கே சமர்ப்பணம்." நமிதாவுக்குக் குரல் தழுதழுத்தது. "ஆனா உள்ளே ஒரு இடத்துல 'துங்கா பொங்கினால் தடுக்கப் பார்க்காதே, வடியும்வரை கரையில் இரு'ன்னு வருதே. நான் அதை ஒரு குழந்தைன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. அது நதிதான்."

"மழைக்காலத்துல யாராலயும் அடக்க முடியாது," என்று ஈரண்ணா வாசலிலிருந்து கைகொடுத்தான். "இன்னைக்குக் காலையிலகூட."

"இன்னைக்கு வெள்ளமா?" என்றார் மெஹபூப், கேமராவிலிருந்து தலையை எடுத்து.

"லேசா," என்றான் ஈரண்ணா.

சொந்த மகளை ஆறாக்கிவிட்டோமே என்று சுமித்ராவுக்கு உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முன்னால் நகர்ந்தாள். அதற்குள் நமிதா சமர்த் பக்கம் திரும்பிவிட்டாள்.

"கண்ணா, அம்மா மடியில வந்து உட்காரு. போட்டோ மாதிரி அழகா வரும்."

சமர்த் சுற்றும் முற்றும் பார்த்தான். "அம்மா எங்கே?"

"இதோ இருக்காங்களே."

"இது சுமித்ரா ஆன்ட்டி," என்றான் அவன், பெரியவர்களின் தவறைத் திருத்தும் மரியாதையோடு.

நமிதாவின் புருவம் உயர்ந்தது. சுமித்ரா சிரித்தாள். அவள் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. "விளையாட்டுக்கு அப்படிக் கூப்பிடுவான். வீட்டுல நாங்க ரொம்ப சிநேகிதமா இருப்போம்."

"எவ்வளவு புதுமையான முறை," என்றாள் நமிதா.

சுமித்ரா சமர்த்தைத் தூக்கி மடியில் வைத்தாள். அப்போதுதான் அவனுக்கு நிலைமை விளங்கியது. தன் அம்மா இல்லை. கண் கூசும் விளக்கு. தாடிக்காரர் ஒருவர். தெரியாத அக்கா ஒருத்தி, தன் அம்மா வேறு யாரோ என்கிறாள். உதடு பிதுங்கியது. ஒரு நிமிடம் மூச்சை இழுத்தான். பிறகு, ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே நேரத்தில் விட்டான்.

"எனக்கு அம்மா வேணும்."

"உனக்குப் பயமா இருக்கா கண்ணா?" என்றாள் சுமித்ரா, புத்தகத்தில் எழுதியபடியே, மெதுவாக.

"அம்மா வேணும்."

"அம்மாதான் இருக்காங்களே," என்றாள் நமிதா.

"இவங்க இல்ல. இவங்க இல்ல." அவன் வழுக்கித் தரையில் விழுந்து காலை உதைத்தான். கிர்மிட் தட்டு கவிழ்ந்தது. பொரி அறை முழுக்கச் சிதறியது. ஈரண்ணா ஓடிவந்து இன்னொரு பேடா நீட்டினான். அது கேமராவின் மீது பறந்து போய் ஒட்டியது. சுமித்ரா தொட்டால் அலறினான், தொடாவிட்டாலும் அலறினான். டிவிக்காரர்கள் கண்ணுக்கு, ஊரே கையைப் பிடித்துப் பாராட்டிய தாயைப் பார்த்து அவளுடைய பிள்ளையே கேமரா முன்னால் நீ என் அம்மா இல்லை என்று கதறிக்கொண்டிருந்தது.

மெஹபூப் கேமராவை அணைக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார். நமிதா கையிலிருந்த புத்தகத்தையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பின்வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. ரோகிணியின் பிடியிலிருந்து நழுவி துங்கா ஓடிவந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. மூக்கு சிவந்திருந்தது. அழுத களைப்பில் இன்னும் விம்மிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே மூச்சு வாங்க வந்த ரோகிணி, விளக்கையும் கேமராவையும் பார்த்து வாசற்படியிலேயே தயங்கினாள்.

துங்கா அம்மாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவளோடு இன்னும் பேச்சு இல்லை. நேராகப் பொரியின் நடுவே போய் சமர்த்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனைத் தொடவில்லை.

"சமர்த், அழுகை பெருசா வருதா?"

அவன் உதைத்தான்.

"பெருசா வந்தா பெருசா அழு. நான் எங்கயும் போக மாட்டேன்."

அவ்வளவுதான். பிறகு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவன் அழுதான். அவள் காத்திருந்தாள். பெரியவர்கள் யாரும் அசையவில்லை. ஈரண்ணா ஏதோ சொல்ல வாயெடுத்தான். சுமித்ரா அவன் கையை அழுத்தினாள்.

"எவ்வளவு பெருசு? யானையா?" என்றாள் துங்கா.

சமர்த் விம்மலுக்கு நடுவே யோசித்தான். "எருமை."

"எருமையா. சரி."

இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"இப்ப?"

"நாய்."

"கடிக்கற நாயா, சும்மா நாயா?"

"சும்மா நாய்," என்றான் சமர்த். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

சுமித்ரா சுவரில் சாய்ந்துகொண்டாள். யானையா, எருமையா என்று அவள் தினமும் கேட்கும் கேள்வி அது. துங்கா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. காதைப் பொத்திக்கொள்வாள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள், ஒருமுறை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தன் வார்த்தை ஒன்றுகூட அந்தக் காதுக்குள் போவதில்லை என்று சுமித்ரா எத்தனையோ முறை ஈரண்ணாவிடம் புலம்பியிருக்கிறாள். எல்லாம் போயிருக்கிறது. குரல் உட்பட. அந்தச் 'சரி'யை இழுத்துச் சொன்னது அவள் சொல்வது போலவே இருந்தது. புத்தகத்தை முதன்முதலில் கையில் வாங்கியபோதுகூட அவள் நெஞ்சு இப்படி விம்மவில்லை.

துங்கா சமர்த்தின் கையைப் பிடித்து ரோகிணியிடம் கூட்டிப் போனாள். அவன் ரோகிணியின் சேலையில் முகத்தைப் புதைத்தான். ரோகிணி இரண்டு பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, சுமித்ராவைப் பார்த்து என்ன செய்வது என்பதுபோல் விழித்துவிட்டு, பின்பக்கமாக அழைத்துப் போனாள்.

இனி பொறுக்க முடியாது என்று சுமித்ராவுக்குத் தோன்றியது. பேட்டி போனால் போகட்டும்.

"நமிதா, நான் ஒரு விஷயம் சொல்லணும்."

"ஒரு நிமிஷம் மேடம், ஆபீஸ்ல இருந்து போன்," என்று நமிதா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

மெஹபூப் கேமராவில் ஒட்டியிருந்த பேடாவைக் கைக்குட்டையால் துடைத்தார். வயரைச் சுருட்டினார். சுமித்ராவின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருந்தது. பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், நானும் புள்ளை குட்டிக்காரன். புத்தகம் எழுதறது வேற, வளர்க்கறது வேற. கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கத்து வீட்டுச் சின்னப் பொண்ணோட அம்மாகிட்டப் போய்க் கத்துக்கங்களேன்."