மாதிரி எல்லாம் வார்ப்புரு ஆன கதை

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். கையேட்டுல சொல்லெல்லாம் ஒரே சீரா இருக்கணும்.

பென் டிரைவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்ச காலம். வெப்சைட் கட்டற ஃப்ரேம்வொர்க் ஒண்ணோட கையேட்டை நானும் செல்வமும் தமிழாக்கினோம். செல்வம் சதுரங்கப்பட்டினத்துக்காரன். நான் கூடுவாஞ்சேரி.

'டெம்ப்ளேட்'டுக்கு அவன் 'மாதிரி'ன்னு எழுதியிருந்தான். நான் 'வார்ப்புரு'ன்னு எழுதியிருந்தேன். யாருது நல்ல தமிழ்? இதெல்லாம் ஒரு கேள்வியா!

ரேவதி மேடம் போன் பண்ணாங்க. பயிற்சி வகுப்பு நடத்தறவங்க. "நாளைக்கு மாமல்லபுரத்துல நாப்பது பசங்க வர்றாங்க. ஒரே சொல்லா மாத்திடுங்க தம்பி."

"அஞ்சு நிமிஷம் மேடம்!"

அஞ்சு நிமிஷம்கூட ஆகல. 'மாதிரி'யைத் தேடு, 'வார்ப்புரு' போடு, ரிப்ளேஸ் ஆல். முந்நூத்திப் பன்னெண்டு இடம்! செல்வம் இவ்ளோவா தப்பு பண்ணியிருக்கான்னு பரிதாபப்பட்டேன். படிச்சுப் பாக்கல. மேதைங்க படிச்சுப் பாக்கறதில்ல.

மறுநாள் ஓட்டல் ஹால். ஒரு பொண்ணு திரையில இருந்த முன்னுரையைச் சத்தமா வாசிச்சுது.

"உங்களை வார்ப்புரு புதியவர்களுக்கு இந்த வார்ப்புரு சந்தேகங்கள் வருவது இயல்பு."

அடுத்த வரிக்குப் போச்சு.

"ரேவதி மேடம் வார்ப்புரு ஒருவர் கிடைப்பது அரிது."

மேடம் என்னைப் பாத்தாங்க. நான் ஃபேனைப் பாத்தேன்.

செல்வம் காதுகிட்ட வந்தான். "இன்னா மச்சான் பண்ணி வெச்சிக்கீற? பழைய ஃபைலு காப்பி கீதா?"

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேன்டா."

"பேஜாரு!"

பதறாதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். மாத்தினதைத் திருப்பி மாத்தினா போச்சு! மேடையேறி, ஒரு கையில மைக், இன்னொரு கையால லேப்டாப்புல 'வார்ப்புரு'வைத் தேடு, 'மாதிரி' போடு, ரிப்ளேஸ் ஆல்.

நான் எழுதின நிஜ வார்ப்புருவும் சேர்ந்து போச்சு.

திரையில, என் பின்னாடி, ஆளுயர எழுத்துல: "இந்த மாதிரி மாதிரியை மாதிரி கோப்புறையில் வைக்கவும்."

"சார், எந்த மாதிரி சார்?"

"அண்ணாத்த, என் வார்த்தைதான் ஜெயிச்சிது!"ன்னு செல்வம் கைதட்டறான்.

ரேவதி மேடம் மைக்கை மெதுவா என் கையிலேருந்து வாங்கினாங்க. "பிரேக் விட்டுடலாம். எல்லாரும் லஞ்ச் போங்க."

அன்னிக்கு நாப்பது பேரும் ஒரே அர்த்தத்துல புரிஞ்சுக்கிட்ட ஒரே சொல் 'லஞ்ச்'தான்.