பேஸும் ஆக்டிவேட்டரும் ஒரே டேங்க்கில்

எந்த வேலையைப் பார்த்தாலும் இதை இன்னும் சுருக்காக முடிக்கலாமே என்று தோன்றுவது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிய நிலை. (என் மனைவி சுமதி இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். அச்சில் ஏறாது.)

இரண்டு வருஷம் முன்பு என் மகள் காவ்யா தஞ்சாவூரில் நக அலங்காரம் படித்துவிட்டு வந்து, திருவையாற்றில் எங்கள் வீட்டு ஹாலிலேயே தொழில் ஆரம்பித்தாள். முதல் கல்யாண ஆர்டர்! வலங்கைமான் பெண், மறுநாள் முகூர்த்தம், மதியம் மூன்று மணிக்கு வருகிறார்கள்.

“இது நல்லா வந்தா அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வருவாங்கப்பா. சொதப்புச்சுன்னா நான் பழையபடி பேங்க் பரீட்சைக்குத்தான் படிக்கணும்” என்றாள். எனக்கு அவளைவிட அதிகமாகப் படபடத்தது.

வேலை இதுதான். நகத்தில் பேஸ் என்ற பசையைத் தடவி, விரலைக் கலர் பவுடருக்குள் முக்கி எடுத்து, உதறி, மேலே ஆக்டிவேட்டர் தடவினால் இறுகிவிடும். இப்படி ஒரு விரலுக்கே மூன்று தடவை. பத்து விரலுக்கு முப்பது தடவையா? நாங்கள் வயலில் பூச்சி மருந்தையும் டானிக்கையும் ஒரே டேங்க்கில் கலந்து ஒரே நடையில் அடித்துவிட்டு வருகிற ஜாதி!

காவ்யா குளிக்கப் போயிருந்தாள். ஆக்டிவேட்டரை எடுத்தேன். பாதியைப் பேஸ் பாட்டிலுக்குள் ஊற்றினேன்.

பாட்டில் சுட்டது. லேசாகப் புகைந்தது. உள்ளே பிரஷ்ஷோடு சேர்ந்து கல்லாகிவிட்டது. பதறிப்போய், விளிம்பில் வழிந்ததைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வழித்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. இழுத்தால் தோல்தான் வரும்போல இருந்தது.

காவ்யா வந்து பார்த்தாள். கத்தவில்லை. (கத்தியிருந்தால் பரவாயில்லை.)

“அப்பா... அது ஒண்ணுதானேப்பா இருந்துச்சு.”

“தஞ்சாவூர் போயி வாங்கிட்டு வந்துடறேம்மா!”

“எந்தக் கையால வண்டி ஓட்டுவீங்க?” என்றாள் சுமதி.

காவ்யா பைக்குள் துழாவி, பயிற்சிக்கு வாங்கிய குட்டி பேஸ் பாட்டிலைக் கண்டுபிடித்தாள். அடியில் ஒட்டிக்கிடந்தது பத்து விரலுக்குத்தான் வரும். ஒரு விரல் தப்பினால் தீர்ந்தது கதை. “உங்க கைய அப்புறம் அசிட்டோன்ல ஊற வைக்கலாம். இப்ப உள்ள போங்க” என்று அவள் சொல்லும்போதே வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம்.

உள்ளே ஓட நேரமில்லை. தரையில் சம்மணம் போட்டு, ஒட்டிய கையை முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிவிட்டேன்.

“ஐயா தியானத்துல இருக்காங்க போல. சத்தம் போடாதடி” என்றார் பெண்ணின் அம்மா, பயபக்தியோடு. அப்போதுதான் எனக்கே உறைத்தது, என் விரல்கள் அச்சு அசல் சின்முத்திரை!

இரண்டு மணி நேரம். மூக்கு நுனி அரித்தது. கால் மரத்து, அது யாருடைய கால் என்றே மறந்துபோனது. காவ்யா பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழாவது விரல். எட்டு. ஒன்பதாவதில் தட்டல் நீண்டுகொண்டே போனது. என் வாழ்நாளில் நிஜமாக சாமி கும்பிட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

“முடிஞ்சுதுங்க” என்றாள் காவ்யா. கண்ணைத் திறந்தேன். பத்து நகமும் மாதுளை முத்துபோல மின்னின.

பெண்ணின் அம்மா கைகூப்பினார். “ஐயா, பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க.”

பதற்றத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை வந்தது: “காயிற வரைக்கும் எதையும் தொடாதம்மா.”

“எவ்வளவு பெரிய வார்த்தை!” என்று அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தோழிகள் வந்தார்கள். தோழிகளின் தோழிகளும் வந்தார்கள். எல்லோரும் போனில் கேட்பது, “அந்த ஐயா இருப்பாங்கல்ல? ஆசீர்வாதம் ராசியாமே!” காவ்யாவும் கூசாமல் “இருப்பாங்க” என்கிறாள். இப்போதும் கல்யாண ஆர்டர் வந்தால் சமையலறையிலிருந்து சுமதியின் குரல் வருகிறது:

“ஏங்க, மூணு மணிக்குப் பொண்ணு வருதாம். போய் விரல ஒட்டிக்கிட்டு உக்காருங்க!”