நேரடி விமானத்தில் வந்துவிட்ட அக்காவுக்கு

கலிபிஷி,
வெள்ளிக்கிழமை காலை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய அக்கா யூஜினி அவர்களுக்கு, தம்பி எவரார்ட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கிளெமென்ஸும் ஆடும் நலம். தாங்களும் நலம் என்பது சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிகிறது. ஹயசிந்தின் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து தாங்கள் இரண்டாவது கோப்பை கோக்கோ குடிப்பதை என் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். கூப்பிடு தூரத்தில் இருக்கிறவருக்கு எதற்கு ஐயா கடிதம் என்று ஊரே கேட்கிறது. கூப்பிட்டால் திரும்பினால்தானே? நேற்று சாயங்காலம் முழுக்க நான் கூப்பிட்டதில் தெருவில் போன அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தாங்கள் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

தாங்கள், தங்கள் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீ என்றே எழுதுகிறேன். இருக்கிற கோபத்தில் இதனால் புதிதாக ஒன்றும் கூடிவிடாது.

நாளை சனிக்கிழமை நீ மயாமிக்குத் திரும்புகிறாய். ஏழு பேராகப் பிறந்த வீட்டில் மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான். ஒன்பது வருஷம் கழித்து வந்தவள், பிறந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் விமானம் ஏறினாய் என்றால் எனக்கு அதற்கப்புறம் சோறு இறங்காது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கிழித்துப் போடுவதானால் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

பயணம் என்றால் எவரார்டைக் கேள் என்று இந்த ஊர் சொல்லும். நான் விமானத்தில் ஏறியதில்லை, அது வேறு விஷயம். ஏறி வந்தவர்களையெல்லாம் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தவன் நான். மருந்தையும் மாற்றுத்துணியையும் கைப்பையில் வை, பெட்டி பின்னால்தான் வரும் என்று உனக்குச் சொன்னது யார்? விமானம் மாறப் பக்கத்துத் தீவில் இறங்கியதும் முதலில் ஒரு நாற்காலியைப் பிடி, அப்புறம் விசாரி என்று சொன்னது யார்? பெட்டிக்குள் கருவாடு வைக்காதே, ஆளில்லாத இடத்தில் அது இரண்டு நாள் தனியாகக் கிடக்கும், கிடந்தால் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா என்று சொன்னதும் நான்தான். பெரிய விமானத்திலிருந்து இறங்கி நம் சின்ன விமானத்துக்கு ஓடினால் அது போயிருக்கும், இல்லையென்றால் வந்திருக்காது, வந்திருந்தாலும் பெட்டியின் கனத்தைப் பார்த்து ஆளை மட்டும் ஏற்றிக்கொள்ளும். ஆகவே புதன் என்று சொன்னவர் வியாழன் வருவார், பெட்டி வெள்ளி வரும். இதை இங்கே யாரும் குறையாக நினைத்ததே இல்லை. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் பாதிரியார்கூட அவராகவே ஒரு நாள் தள்ளித்தான் திருமணம் குறிப்பார். நீயே போன தடவை செவ்வாய் என்று சொல்லிப் புதன்தானே வந்தாய்? அன்றைக்கு நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வாசலில் நிற்கவில்லையா?

இந்தத் தடவை நீ போனில் என்ன சொன்னாய்?

"புதன்கிழமை வர்றேன்டா. புது விமானம், மயாமியிலேருந்து நேரா நம்ம ஊருக்கு. நடுவுல எங்கயும் இறங்க வேணாம்."

கேட்டேன். நன்றாகவே காதில் விழுந்தது. நடுவில் இறங்காது என்றால் நீ அலைய வேண்டாம் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சொன்ன நாளில் வரும் என்று யார் கண்டது? புதன் என்றதும் கை தானாக வியாழனுக்கு எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டது. கெல்வர்ட்டின் பஸ்ஸை வியாழனுக்குச் சொன்னேன். மாதா கோயில் பாட்டுக்காரப் பெண்களை வியாழனுக்குச் சொன்னேன். புதன்கிழமை வீட்டுக்கு வண்ணம் அடிப்பது என்று திட்டம். உன் மெத்தையைக் கிளெமென்ஸ் காலையிலேயே வேலிமேல் காயப்போட்டாள். ஈர வண்ணத்தில் உரசாமல் இருக்கட்டும் என்று ஆட்டைக் கொண்டுபோய் உன் அறையில் கட்டினேன். ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன்.

மத்தியானம் நான் ஏணிமேல் நிற்கிறேன், தலைக்கு மேலே இதுவரை இந்த ஊர் கேட்காத சத்தத்தோடு ஒரு பெரிய விமானம் போனது. ஏணி ஆடியது. "பாரு கிளெமென்ஸ், என்னமா வருது! யாரு பெத்த மகராசனோ!" என்று சொல்லி நான் தூரிகையை ஆட்டி டாட்டா காட்டினேன். உனக்குத்தான் காட்டியிருக்கிறேன் அக்கா. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பாய். ஆக, உன்னை யாருமே வரவேற்கவில்லை என்று ஹயசிந்திடம் நீ சொன்னது முழு உண்மை இல்லை.

அப்புறம் விமான நிலையத்தில் காவல் வேலை பார்க்கும் ஜோசெட் போன் பண்ணினாள். அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"அண்ணே, உங்க அக்கா வந்து நிக்கிறாங்க. கூட்டிட்டுப் போக யாரும் வரலையா?"

"எங்க அக்காவா? இருக்காதும்மா. அவங்க இன்னைக்கு வர்றதா சொல்லியிருக்காங்க. அதனால நாளைக்குத்தான் வருவாங்க."

"அண்ணே, இதோ பக்கத்துல நிக்கிறாங்க."

"வேற யாராவது இருக்கும். நம்ம ஊர்ல யூஜினிக்கா பஞ்சம்? பேரை நல்லா விசாரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு மறுபடி ஏணி ஏறிவிட்டேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் நிற்கிற உன்னை இல்லை என்று சொன்னது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போது உறைக்கிறது. அன்றைக்கு எனக்கு ஒரே கவலை, ஜன்னல் சட்டத்துக்கு நீலம் போதுமா என்பதுதான்.

டாக்சியில் வந்து நீ வேலி ஓரத்தில் இறங்கினாயே, அப்போதாவது நான் ஓடிவந்து கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏணியிலிருந்து இறங்கினேன், உன்னைப் பார்த்தேன், உன் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன், வாயில் வந்தது இதுதான்: "என்னக்கா, பெட்டியும் கூடவே வந்துடுச்சா!" ஒன்பது வருஷம் கழித்து உடன்பிறந்தவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனால் நீயும் யோசித்துப் பார். ஆளும் பெட்டியும் ஒன்றாக வந்து நின்றதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. மனுஷனுக்கு அதிர்ச்சி இருக்காதா? அந்த நேரம் பார்த்து உன் அறை ஜன்னலிலிருந்து ஆடு தலையை நீட்டிக் கத்தியது. திரும்பினாய், சாலையைக் கடந்தாய், பள்ளிக்கூடத்தில் உன் பின்னலை மேசையோடு சேர்த்துக் கட்டிய அதே ஹயசிந்தின் வீட்டில் அறை எடுத்தாய். அவள் முகத்தில் அன்றைக்குப் பார்த்த பூரிப்பை அவள் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நடந்ததற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. வேண்டாம், நிறுத்துங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். பாட்டுக்காரப் பெண்கள் கேட்கவில்லை. "முடியெல்லாம் சுருட்டியாச்சு, சட்டையெல்லாம் தேய்ச்சாச்சு, பஸ்ஸும் வந்து நிக்குது. இப்ப வீட்டுக்குப் போன்னா எப்படி?" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். 'யூஜினியே வருக' என்று எழுதிய துணியைப் பஸ்ஸில் கட்டியது கெல்வர்ட், நான் இல்லை. நீ வராந்தாவில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாய், உன்னை அழைத்துவர உன் மூக்குக்கு முன்னாலேயே பாட்டும் கைதட்டலுமாக ஒரு பஸ் போகிறது. நான் கடைசி சீட்டில் குனிந்துகொண்டேன். விமான நிலையத்தில் போய் இறங்கினால் வரவேற்க ஆள் வேண்டாமா? நம் காட்டுக் கிளிகளைக் கணக்கெடுக்க வந்த கனடாக்காரர் ஒருவர் தனியாக வெளியே வந்தார். அவருக்கு முழுப் பாட்டும் பாடி மாலை போட்டுவிட்டார்கள். இந்தத் தீவில் எல்லோரையும் இப்படித்தான் வரவேற்பீர்களா என்று கேட்டு மனுஷன் கண்கலங்கிவிட்டார். உனக்கென்று சுட்டு வைத்திருந்த மீனை அவர்தான் சாப்பிட்டார்.

அக்கா, என் பயண ஞானம் எல்லாம் இனி செல்லாக்காசு. அது எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் நீ அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக இருந்துவிட்டு நாளை நீ போய்விட்டால், அந்த வருத்தத்துக்கு முன்னால் இதெல்லாம் தூசு. இன்று மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. நண்டு போட்ட சேப்பங்கீரைச் சாறு, சுட்ட ஈரப்பலாக்காய். ஆட்டை வெளியே கட்டியாயிற்று, அறையை மூன்று தடவை கழுவியாயிற்று. நான் திருந்திவிட்டேன். இனி இந்த வீட்டில் சொன்ன நாள்தான் நாள், சொன்ன மணிதான் மணி. வா அக்கா.

மாதாவின் கருணை உன்மேல் இருக்கட்டும், முழங்கால் வலி குறையட்டும், ஹயசிந்தின் கட்டில் உன் முதுகைப் படுத்தாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
எவரார்ட் செராஃபின்.

பின்குறிப்பு: பன்னிரண்டு என்று எழுதியதை மூன்று என்று படித்துக்கொள்ளவும். நண்டு இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை நீ படிக்கவே வேண்டியதில்லை போலிருக்கிறது. பெரிய சட்டி இரவல் கேட்க ஹயசிந்த் வீட்டுக்குப் போன கிளெமென்ஸ், உன்னைப் பார்த்து, "அண்ணி, கீரை ஆய ஆள் இல்ல, வர்றீங்களா?" என்று கேட்டாளாம். நீயும் வந்துவிட்டாய். நான் பக்கம் பக்கமாக எழுதி முடிப்பதற்குள் அவள் ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்துவிட்டாள். இப்போது நீ அடுப்படியில் இருக்கிறாய், நான் குறுக்கே வரக் கூடாது என்று உத்தரவு. இருந்தாலும் சற்று முன்னால் நாம் பேசியது எழுத்தில் இருக்கட்டும்.

"டேய், நாளைக்கு என்னை ஏத்திவிட கெல்வர்ட்டுக்குச் சொல்லிட்டியா?"

"போன வாரமே சொல்லியாச்சுக்கா. பாட்டுக்காரங்களுக்கும் சொல்லியாச்சு."

"எந்தக் கிழமைக்குச் சொன்ன?"

கிளெமென்ஸ் கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"ஞாயித்துக்கிழமைக்கு" என்றேன்.

நீ சிரிக்க ஆரம்பித்தாய். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாய். நானும் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் அடுப்படித் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாய்:

"சரி, டிக்கெட்ட மாத்திக்கிறேன், ஞாயித்துக்கிழமையே போறேன். எழுதினது போதும், வந்து ஈரப்பலாவத் திருப்பிப் போடு, கருகுது."