மஞ்சள் பொட்டு சிவந்த அதிசயம்

எங்கள் வரூம்பா ஊருக்குப் போன மாதம் ஒரு மகான் எழுந்தருளினார். பெயர் டாக்டர் க்ளைவ் பெம்பர்டன். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் மரியாதைக் குறைவாம். பௌலிங் கிளப் புல்தரையில் கூடாரம் போட்டார். சனிக்கிழமை எட்டு மணிக்கே வரிசை கார் நிறுத்துமிடம்வரை நீண்டது. கிளப்காரர்கள் பக்கத்திலேயே மேசை போட்டு மாட்டிறைச்சி சாஸேஜ் சுட ஆரம்பித்தார்கள். பக்தி வந்தால் பசியும் வரும் அல்லவா?

மகான் கண்டுபிடித்தது இதுதான். எங்கள் ஆலையில் ஊசி, கையுறை, கட்டுத்துணி எல்லாம் அட்டைப்பெட்டியோடு எலக்ட்ரான் கற்றைக்கு அடியில் போகும். கற்றை கிருமியைக் கொல்லும், பெட்டி வெளியே வரும். அந்தக் கதிர் ஊசியில் ஒட்டிக்கொண்டு நம் உடம்புக்குள் குடியேறிவிட்டதாம்! சாட்சி? ஆலையில் பெட்டிக்குப் பெட்டி அடையாளமாக ஒட்டுகிற மஞ்சள் ஸ்டிக்கர் பொட்டு. கதிர் பட்டால் அது சிவக்கும். மகான் அதை நம் மணிக்கட்டில் ஒட்டி, கையடக்கமான ஊதா விளக்கைக் காட்டுவார். அரை நிமிடத்தில் செக்கச்செவேல்! பரிகாரம், களிமண் மணி கோத்த காப்பு. ஒரு வாரம் கழித்துப் போனால் கூடார நிழலில் பொட்டு மஞ்சளாகவே இருக்கும். அப்போது விளக்கைக் காட்ட மாட்டார். குணமானவர்களுக்கு விளக்கு எதற்காம்!

அதிகம் நம்பியது யார் தெரியுமா? ஆலைக்காரர்களான நாங்கள்தான். சிவப்பு என்றால் கதிர் பட்டது, மஞ்சள் என்றால் பெட்டியை அனுப்பாதே. இருபது வருடமாகப் பொட்டை மட்டுமே பார்த்துப் பழகிய கண்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நானும் வெலவெலத்துப்போய் ஒரு காப்பு வாங்கி மாட்டிக்கொண்டேன். வெட்கக்கேடு.

இதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆலைக் கிடங்கில் வேலை பார்க்கும் நெவில் சர்க்கரை நோயாளி. அடுத்த வியாழக்கிழமை முதல் இன்சுலின் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டுக் காப்போடு திரிந்தான். இரண்டு நாளில் ஆளே துவண்டுவிட்டான். அவன் மனைவி க்ளெனிஸ் ஆலையில் பொட்டு ஒட்டுகிறவள்.

சனிக்கிழமை மறுசோதனை வரிசையில் எனக்கு முன்னால் நின்று அவனிடம் மன்றாடினாள். "நெவ், இப்பவாவது போட்டுக்கோயேன். நாக்கெல்லாம் வறண்டு கெடக்குடா உனக்கு."

"அந்த ஊசிலதான் கதிர் இருக்கு க்ளென். பொட்டு செவந்தத நீயே பாத்தேல்ல?"

"பாத்தேன். அதான் யோசிச்சிக்கிட்டே இருக்கேன்" என்றவள், விறுவிறுவென்று சாஸேஜ் மேசைக்குப் போய்ச் சுடாத ஒன்றை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"டாக்டரே, இவருக்கும் ஒரு பொட்டு ஒட்டுங்க" என்று சாஸேஜை நீட்டினாள்.

"வெளையாடாதீங்கம்மா. இது பெரிய விஷயம்."

"சாஸேஜ் என்னிக்குங்க ஊசி போட்டுக்கிச்சு? கதிர் இல்லேன்னா மஞ்சளாவே இருக்கட்டுமே. என்ன பயம்?"

கூட்டம் சிரித்தது. க்ளெனிஸே ஒட்டினாள், அவளே விளக்கைக் காட்டினாள். சாஸேஜ் சிவந்தது!

"அது... அந்த மாடு ஆலைக்குப் பக்கத்துல மேஞ்சிருக்கும்" என்றார் மகான். சமாளிப்பில் அவர் நிஜமாகவே டாக்டர்தான்.

"அப்படியா?" அவள் நெவிலின் மணிக்கட்டில் ஒரு பொட்டை ஒட்டி, தன் தொப்பியால் இறுக்க மூடினாள். இன்னொன்றை வெளியே வெயிலில் கிடந்த நாற்காலியில் ஒட்டினாள். பத்து நிமிடம் காத்திருந்தோம். தொப்பியை எடுத்தாள். நெவில் மஞ்சள், நாற்காலி சிவப்பு.

"நாற்காலிக்கு ஒரு காப்பு குடுங்க டாக்டரே, பாவம்!" என்று எவனோ கத்தினான்.

க்ளெனிஸ் எங்கள் பக்கம் திரும்பினாள். "பொட்டு வர்ற டப்பாவுல என்ன போட்டிருக்கு? வெயில் படாம வைக்கச் சொல்லி. படிச்சிட்டுத்தானே எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்க? வெயில் பட்டாலும் செவக்கும், இந்த ஊதா வெளக்கு பட்டாலும் செவக்கும். கற்றை கரண்ட்டுல ஓடுது, பெட்டி தாண்டினதும் அதோட சரி. உங்க வீட்டு லைட்ட அணைச்சப்புறம் செவுத்துல வெளிச்சம் ஒட்டிக்கிட்டு நிக்குதா?"

நெவில் காப்பைக் கழற்றி மேசையில் வைத்தான். க்ளெனிஸ் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஊசியை, அத்தனை பேர் முன்னால் சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டான். அதுவரை கண் கலங்காத க்ளெனிஸ் அப்போதுதான் அவன் தோளில் முகம் புதைத்து விசும்பினாள். மகான் கூடாரத்தின் பின்பக்கமாக நழுவினார். கார் கிளம்பும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் என் காப்பைத் தடவிக்கொண்டே மெல்லக் கேட்டேன். "ஏன் க்ளென், இது வேற எதுக்காவது ஆகுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆகும். கழட்டாதே. அடுத்த டாக்டர் வந்து அதிசயம் காட்டுறப்போ, 'மொதல்ல சாஸேஜுக்குக் காட்டுய்யா'ன்னு கேக்கறதுக்கு ஞாபகம் வரும்."