என்ஜின் இறங்கினால் பயணம் இல்லை

பள்ளிக்கூட வேன் ஓட்டும் நம்மாள் அன்று ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தார். வேனின் என்ஜினை வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவது. என்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறெல்லாம் மச்சானிடம்தான்.

லீவு விட்டதும் குடும்பத்தோடு தன் அண்ணன் வீட்டில் ஒரு வாரம் தங்க மனைவி ஏற்பாடு செய்திருந்தாள். அண்ணன் பெரிய மெக்கானிக். வாயைத் திறந்தால், "மாப்பிள்ளைக்கு ஓட்டத்தான் தெரியும், வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்பார். அதை ஒரு வாரம் கேட்பதற்கு என்ஜினுக்கடியில் படுத்துக்கிடப்பதே மேல் என்று நம்மாளுக்குத் தோன்றியது. அண்ணன் குடும்பத்தை இங்கே கூப்பிடலாமா என்று மனைவி கேட்கும்போதெல்லாம், வீட்டில் இடமில்லை என்று தட்டிக்கழித்தவரும் இவர்தான்.

"ஏங்க, நாளைக்குக் கிளம்பணும். இப்ப எதுக்கு இது?"

"என்ஜின்ல ஒரு சத்தம் வருது. வழியில படுத்துடுச்சுன்னா?"

"எனக்குக் கேக்கலையே."

"உனக்கெப்படிக் கேக்கும்? அது ஓட்டுறவன் காதுக்கு மட்டும்தான் கேக்கும்."

சண்டை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அவர் உருட்டிக்கொண்டு வந்த ஜாக்கை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"சரி, இறக்குங்க. ஆனா வெறும் ஜாக்கை நம்பி அடியில போகாதீங்க. வண்டியை முட்டுக்கொடுக்குற ஸ்டாண்டுல நிறுத்திட்டுப் போங்க."

ஸ்டாண்டுகளை அவளே எடுத்துக் கொடுத்தாள். பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்தாள். பேட்டரி ஒயரைக் கழற்றியாச்சா என்றும் கேட்டாள். இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று நம்மாளுக்கு மனசு லேசாகக் குத்தியது. ஆனாலும் ஸ்பானர் நிற்கவில்லை.

ஜாக்கின் மேல் பலகை வைத்து, என்ஜினை அதில் தாங்கி, கடைசி போல்ட்டைக் கழற்றி மெள்ள இறக்கினார். அலுங்காமல் குலுங்காமல் வந்து உட்கார்ந்தது. வெளியே இழுத்தார். வேனின் முன்பக்கம் இடித்தது. இன்னும் ஒரு சாண் வேனைத் தூக்கினால்தான் என்ஜின் வெளியே வரும். தூக்க ஜாக்கு வேண்டும். ஜாக்கோ என்ஜினுக்கு அடியில் இருந்தது. திரும்ப மேலேற்றிப் பொருத்தவும் ஒற்றை ஆளால் ஆகாது.

"இன்னொரு ஜாக்கு வேணுமே," என்றார் ஈனசுரத்தில்.

"அண்ணன்கிட்ட இருக்கு."

"யார்கிட்டயாவது குடுத்தனுப்பச் சொல்லு."

"அவரே எடுத்துட்டு வர்றார். அண்ணி, பிள்ளைங்க எல்லாரும் கிளம்பியாச்சு. என்ஜினை ஏத்தி வண்டி ஓடுற வரைக்கும் இங்கதான் இருப்பாங்களாம்."

"அதுக்குள்ள எப்படிக் கிளம்பினாங்க?"

"நீங்க ஒரே ஒரு ஜாக்கை உருட்டிட்டு வந்தப்பவே போன் பண்ணிட்டேன்."

"அடிப்பாவி, அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

தலையணைகளை வெயிலில் காயப்போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "சொல்லியிருந்தா கழட்டாம விட்டிருப்பீங்களே."