ஏழாம் நம்பர் சாவி

"ஐயா, வர்றது எத்தனை பேருன்னு எழுதிக்கட்டும்?" ஏலக்காய் விவசாயிகள் மாநாட்டு அலுவலகத்திலிருந்து முத்துப்பிரியா என்ற பெண் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

சோலைமலை காய் உலர்த்தும் கொட்டகை வாசலில் போனைக் காதில் வைத்தபடி நின்றார். ஒன்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வந்தவள் அவர் மனைவி வேலுத்தாய். "ரெண்டு" என்பாள், அதோடு காரியம் முடிந்துவிடும். அவள் போய் ஏழு மாதமாகிறது.

"ஒண்ணு" என்றார். அதைச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

"சரிங்கய்யா. அம்மாவோட கட்டுரையை நீங்கதானே வாசிக்கிறீங்க? மொத நாள் காலையில பதினோரு மணிக்கு. தங்க எடம் நாங்க பாக்கணுமா?"

"வேணாந்தாயி. கோயம்புத்தூர்ல வழக்கமா தங்குற எடம் இருக்கு."

ஏலக்காயைப் பச்சை மாறாமல் உலர்த்துவது எப்படி என்று வேலுத்தாய் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தாள். சோலைமலை அதைப் பலமுறை வாசித்துப் பழகினார். இரண்டு பக்கம் தடங்கலில்லாமல் போகும். மூன்றாம் பக்கத்தில், 'இதை முதலில் என் வீட்டுக்காரர் நம்பவில்லை, நான்தான் நம்ப வைத்தேன்' என்று ஒரு வரி. அங்கே வாசிப்பு நின்றுவிடும். ஒரே ஒரு முறை வாய்விட்டு அழுது தீர்த்துவிட்டால் மேடையில் அந்த வரியைத் தாண்டிவிடலாம் என்று அவர் நம்பினார்.

ஆனால் அழ இடமில்லை. துக்கப்பட்ட மனுசனை ஒற்றையில் விடக்கூடாது என்று சொந்தக்காரர்கள் ஏழு மாதமாக முறைவைத்து வந்து அவர் வீட்டில் படுத்துக்கொண்டிருந்தார்கள். லேசாகக் கண் கலங்கினால் காப்பி வந்தது. கொஞ்சம் கூடுதலாகக் கலங்கினால் ஆள் வந்தது.

ஆகவே அவர் மனசெல்லாம் காந்திபுரத்து லாட்ஜின் ஏழாம் நம்பர் அறையில் இருந்தது. ஒன்பது வருடமும் இருவரும் அங்கேதான் தங்கினார்கள். ஊர் திரும்பும்போதே அடுத்த வருடத்துக்கும் வேலுத்தாய் சொல்லி வைத்துவிடுவாள். அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு பக்கத்தையும் ஒருதரம் உரக்க வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

லாட்ஜுக்கு ஒரு போன் போட்டால் போதும். ஆனால் மேனேஜர் எடுத்ததுமே, "அம்மா வரலீங்களா?" என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று சோலைமலைக்குத் தெரியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார்.

தள்ளிப்போட்டதில் விஷயம் அக்கா பெரியம்மாளின் காதுக்குப் போய்விட்டது.

"ஒத்தையாவா போற? வருசம் திரும்பல. வெளியூர்ல ஒத்தையில படுப்பியா?"

"ஒரு நாள் சோலிதானக்கா. வெரசா வந்துருவேன்."

"ஒண்ணும் பேசாத. ஒங்க மச்சான் கூட வருவாரு."

மச்சான் பாண்டித்துரை ஏற்கெனவே சட்டை மாட்டியிருந்தார். "லாட்ஜு நம்பரைக் கொண்டா மாப்ளே. நான் பேசுறேன்" என்று வாங்கி, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"போடியிலருந்து பேசுறோம். சோலைமலைக்கு ரெண்டு கட்டில் ரூம் ஒண்ணு வேணும்."

"நீங்க யாருங்க?"

"நான் அவரு மச்சான்."

"மச்சானுங்களா? ரூம் இல்லீங்க."

மேனேஜர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தார். பாண்டித்துரை அதற்குள் போனை வைத்துவிட்டார்.

சோலைமலைக்குச் சுருக்கென்றது. போன வருடம் வேலுத்தாய் சொல்லி வைக்க மறந்துவிட்டாளா? மாநாட்டின் இரண்டாம் நாள், ஜாக்கெட் துணி எடுக்கவேண்டும் என்று அரை நாள் தனியே எங்கோ போய்விட்டு வந்தாள். துணி எதையும் அவர் பார்க்கவில்லை. அந்த அலைச்சலில் மறந்திருப்பாள்.

"ஆம்பள பேசுனா அப்பிடித்தான் சொல்லுவான்" என்று பெரியம்மாள் போனைப் பிடுங்கி மறுபடி போட்டாள். "ஏங்க, நான் சோலைமலைக்கு அக்கா பேசுறேன். தம்பிக்குச் சோறு தண்ணி பாத்துக்கிட நானும் வர்றேன். மூணு பேருக்கு ரூம் இருக்கா?"

"அக்காவுங்களா? சுத்தமா இல்லீங்க."

"மூணு பேருன்னதும் அவனுக்கே பிடிக்கல பாத்தியா" என்றார் பாண்டித்துரை. "மூணு பேரா கெளம்புனா எந்தக் காரியமும் வெளங்காது."

சோலைமலை மெல்லச் சொன்னார். "அப்ப வழக்கம்போல நாலாவதுக்கு ஒரு கல்லை மடியில போட்டுக்கிட்டுப் போயிரலாமே மச்சான்." கல் குறட்டை விடாது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"கல்லுக்கு எதுக்குடா பஸ்சுல சீட்டு? நம்ம சின்ராசு சும்மாதான இருக்கான்" என்றாள் பெரியம்மாள்.

சின்ராசு குரங்கணிக்கும் போடிக்கும் ஜீப் ஓட்டுகிறவன். நாலு பேர் என்றதும் பஸ் போய் ஜீப் வந்தது. ஜீப் வந்ததும் வேறொரு தொல்லை வந்தது. சீட்டு நிறையாமல் சின்ராசுவின் கை சாவியைத் திருப்பாது. இருபது வருடப் பழக்கம்.

"நாலு பேரோட ஓட்டுனா வண்டி ஆடும்ணே. லோடு வேணும்" என்று சொல்லிவிட்டு, இரண்டே நாளில் லோடு சேர்த்துவிட்டான். கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய புருசன் பெஞ்சாதி, மருதமலையில் முடி இறக்க வேண்டிய அண்ணன் தம்பி, சும்மா கோயம்புத்தூர் பார்க்க ஆசைப்பட்ட கன்னையன். மொத்தம் ஒன்பது பேர்.

"லாட்ஜ விடுண்ணே. சிங்காநல்லூர்ல எனக்குத் தெரிஞ்சவங்க மண்டபம் இருக்கு. சாப்பாட்டு ஹால்ல பாய விரிச்சா ஒம்பது பேரும் வரிசையாப் படுத்துக்கிடலாம். நீ நடுவுல படுத்துக்க, குளிராது" என்றான்.

சோலைமலை அன்று மாலை நாலு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு எடுக்கவே இல்லை. மேடையில் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடத்தான் போகிறோம், அவள் எழுதியது பாதியில் நிற்கத்தான் போகிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

மாநாட்டுக்கு முந்தின நாள் ஜீப் வத்தலக்குண்டு, பழனி, உடுமலை என்று குலுங்கிக் குலுங்கிப் போனது. வழியெல்லாம் பெரியம்மாள் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் கண்ணில் தூசி விழுந்து துடைத்தபோது வண்டியை நிறுத்தி ஒன்பது பேருக்கும் காப்பி சொன்னாள்.

சிங்காநல்லூர் மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே மேளம்.

"முகூர்த்தம் இருக்குறத மறந்துட்டாங்கண்ணே" என்றான் சின்ராசு.

"கல்யாணத்துல சாப்டுட்டுப் போவமா?" என்று கேட்டார் கன்னையன்.

வேறு வழியில்லாமல் ஜீப் காந்திபுரத்து லாட்ஜின் முன்னால் போய் நின்றது. ஒன்பது பேரும் மூட்டை முடிச்சோடு உள்ளே நுழைந்தார்கள். மேனேஜருக்குப் பின்னால் இருந்த பலகையில் வரிசையாகச் சாவிகள்.

"அடப்பாவி! சாவியெல்லாம் தொங்குதேய்யா. எங்கிட்ட ரூமே இல்லன்னு சொன்ன?" என்று எகிறினார் பாண்டித்துரை.

மேனேஜர் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தின் கடைசியில், கதவருகே, சட்டைப் பையை ஒரு கையால் பொத்தியபடி நின்ற சோலைமலையைப் பார்த்தார். சோலைமலை தலையைக் குனிந்துகொண்டார். இப்போது கேட்கப் போகிறார், அம்மா வரலீங்களா என்று.

மேனேஜர் கேட்கவில்லை. எழுந்து ஏழாம் நம்பர் சாவியை எடுத்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சோலைமலையின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"அம்மா போன வருசமே, தனியா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த கையோட சொல்லிப்போட்டுப் போனாங்க: 'அடுத்த வருசம் நான் இருக்க மாட்டேன். இவரு வருவாரு, பின்னாலயே ஒரு ஜீப்புச் சனமும் வரும். ஏழாம் நம்பரை இவருக்கு மட்டும் குடுங்க, மத்த யாரு கேட்டாலும் ரூம் இல்லன்னு சொல்லிருங்க. அந்த மனுசன் கொஞ்ச நேரம் தனியா அழுதுக்கிடட்டும்'னு."