டாக்டர் வெண்டலினும் கணினியின் தீர்ப்பும்

பிரிவுத் தலைவர் டாக்டர் வெண்டலின் ஒரு ரப்பர் முத்திரை என்று, காலை ஒன்பது மணிக்குக் கணினி தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஹென்னிங் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். முத்திரையேதான்.

கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் குளியல்தொட்டி செய்யும் நிறுவனம் அது. ஒரு தொட்டி வாசலைத் தாண்ட இருநூற்றுப் பதினான்கு கட்ட வேலை. பிள்ளை பெறுவதற்குக்கூட இத்தனை கிடையாது. எல்லாவற்றையும் கட்டமும் அம்புமாகப் படம் போட்டாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் வருவது யார், எது என்று கணினிக்கும் விளங்கும்படி பொருள்வரையறை எழுதுவது ஹென்னிங்கின் வேலை. எழுதியதை வைத்துக் கணினி தானே யோசித்து முடிவு சொல்லும். பத்து மணிக்கு இயக்குநர்கள் முன்னால் அது ஒழுங்காக யோசிக்காவிட்டால், திங்கட்கிழமை அவனுக்கு வேலை இல்லை.

தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. சேர்ந்த ஏழு மாதமாக வந்த ஒப்புதலெல்லாம் முத்திரையோடு வந்ததால், ‘ஒப்புதல் தருவது முத்திரை’ என்று எழுதியிருந்தான். ‘ஒப்புதல் தருபவர் வெண்டலின்’ என்றும் எழுதியிருந்தான். கணினி இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டது.

தப்பான வரியை அழித்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வரையறையில் புது வரி சேர்க்க யாரையும் கேட்க வேண்டாம். பழைய வரியை அழிக்க வெண்டலினின் ஒப்புதல் வேண்டும். அது அங்கே சட்டம்.

ஆகவே சேர்த்தான். ‘முத்திரை மனிதர் அல்ல.’

அப்படியானால் வெண்டலின் மனிதரே அல்ல என்றது கணினி.

‘வெண்டலின் மனிதர்’ என்று இன்னொரு வரி சேர்த்தான். இருநூற்றுப் பதினான்கு கட்டங்களும் குப்பென்று சிவந்தன. இப்படியொரு நிறுவனம் உலகத்தில் இருக்கவே முடியாது என்று வந்தது.

பத்துக்கு ஐந்து நிமிடம். வெண்டலினின் செயலாளர் திருமதி கிராலிடம் ஓடினான். அவர் பிளம் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டே நிமிஷம் டாக்டரைப் பார்க்கணும்மா.”

“அவரை யாரும் பார்க்கிறதில்லையே தம்பி. தாளைக் குடுங்க, ஒப்புதல் வந்துரும்.”

“நேர்லதான் சொல்லணும். கணினி அவரை முத்திரைங்குது. இல்ல, மனுஷன்தான்னு சொன்னா, கம்பெனியே கிடையாதுங்குது. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு.”

திருமதி கிரால் முள்கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து, மரப்பிடி போட்ட முத்திரை ஒன்றை எடுத்து, பதவிசாக அவன் முன்னால் வைத்தார்.

“அந்த மெஷினைக் கொஞ்சம் வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுங்க. டாக்டர் ஓய்வு வாங்கிட்டுப் போய் நாலு வருஷமாச்சு. உங்களை வேலைக்கு எடுத்ததே இவர்தான்.”